பாலத்தோடு வந்த ரீச்சர்

ஆசிரியர் அறை மேசையில் அவள் முதன்முதலாகக் கொண்டுவந்து வைத்த சிவப்பு ஹெல்மெட் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மண்முனைத்துறையில் பாலம் திறந்து ஒரு மாதம்கூட ஆகியிராது. மேசையின் அந்த மூலை பதினாறு வருடமாக என் குடை கிடந்த இடம். அவள் அதை அறியாமல்தான் வைத்தாள். “கல்லடியில இருந்து அரை மணித்தியாலம்தான் அக்கா, காத்து வாங்கிக்கொண்டு வந்திட்டன்” என்று சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஓய்வுபெற்றுச் சில வருடங்களாகிவிட்டன. இன்றைக்கும் அவளுடைய ஸ்கூட்டி ஆரையம்பதியில் என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் காலையில் போகிறது, பொழுதுபடும் நேரம் திரும்பி வருகிறது. சத்தம் கேட்டால் நான் யன்னல் பக்கம் பார்ப்பதில்லை. பார்க்காமலே நேரத்தை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில். நான் படிப்பித்த பாடசாலை அக்கரையில், படுவான்கரையில். கல்லடிக்கு என் பாட்டன் காலத்திலிருந்தே இரும்புப் பாலம் இருந்தது. பிறகு அதன் பக்கத்திலேயே புதிதாக இன்னொன்றும் போட்டார்கள். ஓட்டமாவடிக்காரருக்கும் அப்படியே, ஒன்றுக்கு இரண்டு. எங்களுக்கு மட்டும் பாலமில்லை, ‘பாதை’தான். வாவியில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கிய மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். சைக்கிள், நெல்மூட்டை, ஆட்டுக்குட்டி, பிள்ளைத்தாய்ச்சி எல்லாம் அதில்தான். இரண்டு பாலம் உள்ளவர்களைப் பார்த்து ஊரே பெருமூச்சு விடும். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பாதையில் எனக்கென்று ஒரு மரியாதை இருந்தது. தூரத்தில் என் குடையைக் கண்டதும் யாராவது, “ரீச்சர் வாறா, கொஞ்சம் பொறுங்க” என்பார்கள். அத்தனை பேரும் எனக்காகக் காத்து நிற்பார்கள். பாலம் யாருக்காகவும் காத்து நிற்பதில்லை.

ஒன்றரை மணிப் பாதையைப் பிடிப்பதற்காக, மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கையிலேயே நான் புறப்பட அதிபர் அனுமதி தந்திருந்தார். நான் கணித பாடம். கடைசிப் பாடவேளையில்தான் பிள்ளைகளுக்குச் சந்தேகங்கள் முளைக்கும். ஒன்பதாம் தரத்தில் ஒரு பிள்ளை இருந்தாள், வயல் வேலைக்குப் போகும் தாயின் மூத்த மகள். நான் கைப்பையைத் தூக்கியதும் கொப்பியோடு வாசல்வரை ஓடிவருவாள். “ரீச்சர், இந்தக் கணக்கு ஒண்டு மட்டும்...” என்பாள். “நாளைக்குப் பார்ப்பம் மகள், பாதை போயிரும்” என்பேன். மறுநாள் வேறு பாடம் வந்துவிடும். யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆற்றைக் கடந்து வந்து படிப்பிக்கிறாவே என்று கோயில் திருவிழாவில்கூட என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பாலம் வந்ததும் எல்லாம் ஓடிவந்தன. சந்தியில் வன்பொருள் கடை, தவணைக்கு மோட்டார் சைக்கிள் கொடுக்கும் கடை, மணியடித்துக்கொண்டு ஐஸ்கிரீம் வண்டி. கூடவே இவளும் வந்தாள். பிள்ளைகள் அவளைப் ‘புது ரீச்சர்’ என்றார்கள். அப்படியானால் நான் யார் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பதினோராம் தரத்துக் கணிதத்தை அதிபர் அவளிடம் கொடுத்தார். பாடசாலை விட்ட பிறகும் அவள் போகமாட்டாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு நாலரை மணிவரை பிள்ளைகளோடு இருப்பாள். அந்தக் கொப்பிப் பிள்ளையும் அதே வகுப்பில்தான். எனக்கும் ஐந்து மணிவரை பஸ் இருந்தது. ஆனால் நான் மணியடித்ததும் பையைத் தூக்கினேன். ஒருநாள் வாய்தவறி, “பாதை போயிரும்” என்றும் சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. “பின்னால ஏறுங்க அக்கா, உங்கட வாசலால தானே போறன்” என்று அவள் பலமுறை கேட்டிருக்கிறாள். ஒருமுறையும் நான் ஏறவில்லை.

பொறாமை என்றால் பெரிய வார்த்தை என்று அப்போது நினைத்தேன். என்னுடையது நியாயமான மனவருத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்றிலும் மழையிலும் அந்தத் தண்ணீரைக் கடந்தவள் நான், பேர் எடுப்பது இவளா? ஒரு தவணைப் பரீட்சையில் அந்தப் பிள்ளை எழுபத்தெட்டுப் புள்ளி எடுத்தாள். என்னிடம் அவள் நாற்பதைத் தாண்டியதில்லை. அன்று பகல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வருடம் வேளாண்மை விளையும் காலத்தில் யானைகள் வயலுக்குள் இறங்கத் தொடங்கின. மாலை வகுப்பைப் பற்றித் தாய்மாருக்குத் தயக்கம் வந்தது. அதிபர் கூட்டம் வைத்தார். கூட்டத்துக்கு முதல்நாள் அவள் என்னிடம் வந்து, “நீங்க ஒரு சொல்லுச் சொன்னாக் கேப்பாங்க அக்கா. உங்களைத்தான் அவங்க நம்புறாங்க” என்றாள். தலையாட்டினேன். மறுநாள் எழும்பி நின்று நான் சொன்னது இதுதான்: “யானை வாற காலம். பொம்புளப் புள்ளையளை அந்தி வரைக்கும் வச்சிருக்கிறது சரியில்ல. நாளைக்கு ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்றது?” தாய்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு வசதியாகவும் இருந்தது. கூட்டம் முடிந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க சொன்னது சரிதான் அக்கா. எனக்கு யானையைப் பத்தி என்ன தெரியும்” என்றாள். ஒரு வாரம் மாலை வகுப்பு நடக்கவில்லை. அந்த ஒரு வாரமும் நான் வயிறாரச் சாப்பிட்டேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

அடுத்த கிழமை ஒருநாள் குடையை மறந்து வைத்துவிட்டு, பஸ் தரிப்பிடத்தில் வெகுநேரம் நின்ற பிறகு நினைவு வந்து திரும்பிப் போனேன். பாடசாலை வாகை மரத்தின் கீழ் ஆறேழு தாய்மார் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இன்னொருத்தி மடியில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கொப்பிப் பிள்ளையின் தாய்க்குப் பக்கத்தில் ஒரு பையில் யானை விரட்டும் வெடி இருந்தது. “என்ன இங்க?” என்று கேட்டேன்.

“நீங்கதானே ரீச்சர் சொன்ன, யானை வரும் எண்டு” என்றாள் அவள். “அதுதான் முறை போட்டு வந்து இரிக்கம். வகுப்பு முடிஞ்சதும் எல்லாப் புள்ளையளையும் நாங்களே கூட்டிக்கொண்டு போயிருவம். வயலுக்குப் பாதி நாள்தான் போறம், பரவாயில்ல.”

கூலியைப் பாதியாக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பதினாறு வருடத்தில் எனக்காக ஒரு தாய் இப்படி வந்து உட்கார்ந்ததில்லை. நான் கேட்டதும் இல்லை. கேட்பதற்கு நான் அங்கே இருந்தால்தானே.

குடையை எடுக்க வகுப்பறையைத் தாண்டித்தான் போகவேண்டும். சத்தம் காட்டாமல் நடந்தும் புது ரீச்சர் கண்டுவிட்டாள். “அக்கா! நல்ல நேரத்தில வந்தீங்க. இந்தக் கணக்கு நான் சொல்றது இவளுக்கு விளங்குதில்ல. நீங்க ஒருக்காச் சொல்லிக் குடுங்க” என்று கூப்பிட்டாள். கரும்பலகைக்கு முன்னால் அந்தப் பிள்ளை நின்றாள். வெண்கட்டியை என் பக்கம் நீட்டினாள். கணக்கைப் பார்த்தேன். எனக்குத் தண்ணீர்பட்ட பாடு அது, ஐந்து நிமிட வேலை. வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“எனக்கு நேரமாகுது” என்றேன்.

புது ரீச்சர் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பிள்ளை நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டு, என்மேல் ஒரு குறையும் வந்துவிடக்கூடாது என்பதுபோல அவசரமாகச் சொன்னாள்: “ரீச்சருக்குத் தூரம் மிஸ். அவ போகட்டும்.”

அங்கே நின்ற ரீச்சர்மார் இருவரில், என் வீடுதான் கிட்ட இருந்தது.