கர்சோனோவின் வெயில் செய்தி

பாக் கர்சோனோ சுரபாயாவில் ஒரு தனியார் வானொலியில் இருபத்திரண்டு வருடம் அறிவிப்பாளராக இருந்தார். நிலையத்தை மூடியபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. வேறு எங்கும் வேலை கிடைக்கவில்லை. கடைசியில், கெஞ்ஜெரான் கடற்கரையில் மனைவி நடத்திவந்த மீன் அப்பளத் தொழிலிலேயே வந்து சேர்ந்துகொண்டார். நான் அங்கே மாவுருளையைச் சீவி வெயிலில் பரப்புகிறவள். அவர் சீவினால் ஒரு ஓரம் தடித்திருக்கும், மறு ஓரம் கிழிந்திருக்கும்.

“மாஸ், கத்தியைக் கீழ வைங்க. வாய் ஒண்ணுதான் உங்களுக்கு வேலை செய்யும். அதை வச்சு எதாவது பண்ணுங்க” என்றார் அவர் மனைவி இபு எண்டா. கர்சோனோ எங்களுக்கு ‘பாக்’, அதாவது ஐயா; மனைவிக்கு ‘மாஸ்’; அவர் மனைவி எங்களுக்கு ‘இபு’, அதாவது அம்மா.

அப்போது எங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கை இபுதான் பார்த்துக்கொண்டார். பொட்டலத்தைப் படம் எடுத்து ‘சுவையானது, தரமானது, உடனே வாங்குங்கள்’ என்று போடுவார். அவருடைய தங்கையும் நானும் மட்டும் விருப்பம் தெரிவிப்போம்.

ஒரு டிசம்பர் காலை. மூன்று நாளாக விடாத மழை. காயாத அப்பளம் தட்டு தட்டாகக் கூடத்தில் கிடந்தது. ஏன் இன்னும் பொட்டலம் வரவில்லை என்று வழக்கமாக வாங்கும் கடைக்காரர்களின் செய்திகள் குவிந்தன. பாக் கர்சோனோ கைபேசியை என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தேர்தல் முடிவு சொல்வதுபோல ஆரம்பித்தார்.

“கெஞ்ஜெரான் வெயில் செய்திகள். இன்று சூரியன் விடுப்பில் இருக்கிறார். விடுப்புக் கடிதம் தரவில்லை. எங்கள் வீட்டில் நாலாயிரம் அப்பளங்கள் ஈரத்தோடு படுத்திருக்கின்றன. அவற்றை அடுப்பில் வாட்டி உங்களை ஏமாற்ற எங்களுக்கு மனம் வரவில்லை. செய்திகள் முடிந்தன.”

வாங்குங்கள் என்று ஒரு வார்த்தைகூட அவர் சொல்லவில்லை. அதைக் கணக்கில் போட்டோம். ஒருவர் மாற்றி ஒருவர் பகிர்ந்து, அந்த வாரமே பதினோராயிரம் பேர் கேட்டுவிட்டார்கள். பிறகு தினமும் காலை ஏழு மணிக்கு வெயில் செய்தி வந்தது. மேகம், காற்று, தட்டில் ஏறிய பக்கத்து வீட்டுக் கோழி, இபுவின் கோபம் எல்லாம் செய்தியாயின. ‘இன்று எங்கள் ஊரிலும் வெயில் இல்லை, பாக்’ என்று கடல் தாண்டி மெடானிலிருந்தெல்லாம் எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிப் பதில் பேசினார்.

மூன்றாம் வருடம் குரல் கம்மத் தொடங்கியது. இஞ்சித் தண்ணீர் குடித்தார். “வயசாச்சுன்னா வானொலியும் கரகரக்கும், ருக்மி” என்று என்னிடம் சிரித்தார். ஐந்து மாதம் இப்படியே தள்ளிப்போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது, குரல்வளையில் புற்றுநோய் என்றும் குரல்வளையையே முழுவதுமாக எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய மாலை இபுவோடு நானும் போயிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து மனைவியின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். “என்ன மாஸ்?” என்று இபு கேட்டார். “ஒண்ணுமில்ல. சும்மா கூப்பிட்டுப் பாக்கறேன்” என்றார்.

வீடு திரும்பியதும் மூச்சு விடக் கழுத்தில் போட்டிருந்த துளையைத் துணியால் மூடிக்கொண்டு மறுபடி முற்றத்துக்கு வந்தார். செய்தியை அட்டைகளில் எழுதினார். ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்ட, நான் படம் எடுத்தேன். எழுத்திலும் நகைச்சுவை இருந்தது. ‘அறிவிப்பாளர் இன்றுமுதல் வீட்டில் வாதாடுவதில்லை. இபு எண்டா ஒவ்வொரு சண்டையிலும் ஜெயிக்கிறார்.’ ஆட்கள் குறைந்தாலும் பலர் கூடவே இருந்தார்கள்.

நாலாம் நாள் ஒரு குரல் செய்தி வந்தது. மலாங் ஊரில் உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்யும் வகியா என்ற அம்மாள். இரண்டு கண்ணும் தெரியாதவர். “பாக் கர்சோனோ, நாலு நாளா உங்க வீடியோவைப் போட்டா காத்துச் சத்தமும் கோழிச் சத்தமும்தான் கேக்குது. என் போன் கெட்டுப்போச்சா, இல்ல நீங்க பேசறதில்லையா? எம்மேல எதும் கோபமா?”

அவர் அதை இரண்டு முறை கேட்டார். பிறகு அட்டைகளைச் சுவரோரம் அடுக்கி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

பழைய பதிவுகளைக் கொண்டு அவர் குரலைக் கணினியில் செய்து தர முடியும் என்று இபுவின் தங்கை மகன் சொன்னான். பாக் தாளில் எழுதினார்: ‘அந்தக் குரலுக்கு இன்னிக்கு வெயில் அடிக்குதான்னு தெரியாது.’ அதற்குக் கீழே: ‘ருக்மி படிக்கட்டும்.’

“நானா? என் மதுரா தீவுப் பேச்சைக் கேட்டா சிரிப்பாங்க, பாக்” என்றேன்.

‘சிரிக்கட்டும். நான் அதுக்குத்தானே எழுதறேன்.’

அவர் எழுத, நான் படித்தேன். முதல் நாளே ஒருவன், ‘இது என்ன, சந்தையில் மீன் விற்கிறவள் குரலா?’ என்று எழுதினான். பாக் எழுதிய பதில்: ‘ஆமாம். மீன் அப்பள வீடுதானே?’ நான் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று கையால் காட்டுவார். நான் சரியாக நிறுத்தினால் அவர் தோள் குலுங்கும். அதுதான் அவருடைய சிரிப்பு. வகியா அம்மாள் தினமும் ஒரு பதில் அனுப்பினார்.

பதினான்கு மாதம் அப்படிப் போனது. பிறகு நோய் நுரையீரலுக்குப் பரவியது. கடைசி வாரங்களில் அவர் எழுத்து கோணலாகி, இபுதான் அதைப் படித்து எனக்குச் சொன்னார். ஆகஸ்ட் மாதம் ஒரு நண்பகலில், முற்றம் முழுக்க நல்ல வெயிலும் அப்பளமும் இருக்கும்போது இறந்துபோனார்.

மறுநாள் காலை இபு என்னிடம், “சொல்லிடு. காத்திட்டிருப்பாங்க” என்றார். எழுதித்தர ஆளில்லை. “பாக் கர்சோனோ நேற்று மத்தியானம் இறந்துவிட்டார். இன்று அப்பளம் இல்லை” என்று மட்டும் சொன்னேன். கை காட்ட யாருமில்லாததால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

இரக்கப்பட்டு ஆர்டர்கள் குவிந்தன. இபு ஒன்றையும் ஏற்கவில்லை. “அவர் செத்ததுக்காக யாரும் அப்பளம் திங்க வேணாம்” என்று நாற்பது நாள் கடையை மூடினார். வகியா அம்மாளின் செய்தியில் பேச்சே இல்லை. அழுகைச் சத்தம் மட்டும் இருந்தது.

இப்போது இபு எழுதுகிறார், நான் படிக்கிறேன். எழுத்தில் சிரிப்பு வருவதில்லை. கேட்கிறவர்கள் பாதியாகிவிட்டார்கள். பழைய வீடியோக்கள் எல்லாம் கணக்கில் அப்படியே இருக்கின்றன. இபு ஒருமுறைகூட அவற்றைத் திறந்ததில்லை. வேறு யாராவது போட்டால் எழுந்து போய்விடுவார்.

போன வாரம் தட்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தோம். இபு தலை நிமிராமல் கேட்டார். “ருக்மி, அவர் குரல் கனமா இருக்குமா, மெலிசா இருக்குமா? யோசிச்சா அவர் கையெழுத்துதான் ஞாபகம் வருது.”

“கனம்தான், இபு. முடிக்கும்போது மட்டும் கொஞ்சம் மெலிசாகும்.”

“அப்படியா” என்றார். அடுத்த தட்டை இழுத்துக்கொண்டார்.