அண்ணன் மாற்றிப் போட்ட கழுத்து

இந்த நினைவு மலரில் அண்ணனின் கிட்டாரைப் பற்றி எழுத வேண்டாம் என்று உறவில் மூன்று பேர் என்னிடம் சொன்னார்கள். மூவரும் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இதைக் கையில் வாங்கப் போகிறவர்கள் என்பதால் பெயரைச் சொல்லவில்லை. அண்ணனின் கார்ப்பரேஷன் சேவையை எழுது, தங்கமான குணத்தை எழுது, கோயில் காரியங்களுக்கு ஓடியாடி உழைத்ததை எழுது என்றார்கள். காரணம் எனக்குத் தெரியும். அந்தக் கிட்டாரின் பழைய கழுத்தைத் திரும்ப மாட்டி விற்றுவிடலாம் என்று வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் எழுதினால் அந்தப் பேச்சு நின்றுவிடும். நிற்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மலையாளத்தில் அச்சடித்தால், பள்ளியில் அதையே படிக்கும் பிள்ளைகளும் வாசிப்பார்களே என்று இன்னொரு யோசனை வந்தது. நான் பொள்ளாச்சியில் வாழ்க்கைப்பட்டவள். எனக்கு இப்படித்தான் எழுத வரும். பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் வாசித்துக் காட்டட்டும். கொஞ்ச நேரம் எல்லோரும் போனைக் கீழே வைத்த மாதிரியும் இருக்கும்.

அண்ணன் பிறந்தது மட்டாஞ்சேரியில். அப்பாவும் அம்மாவும் திண்டுக்கல் பக்கத்திலிருந்து துப்புரவு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். பஜாரில் இஞ்சியும் மிளகும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதற்கு முன்பே தெருவைக் கூட்டி முடிப்பது அப்பாவின் வேலை. பள்ளியில் ஒரு பையன், மலையாளிகள் தமிழரை இளக்காரமாகச் சொல்வது போல, அண்ணனைப் "பாண்டி" என்று கேலி செய்தபோது அண்ணன் அவனை அடிக்கவில்லை. "ஆமாடா, பாண்டிதான். எங்கப்பா ஒரு வாரம் லீவு போட்டா நீங்க தெருவில மூக்கைப் பொத்திட்டு நடக்கணும், அறியாமோ?" என்று கேட்டாராம். அம்மாவை அழைத்து வரச் சொல்லிவிட்டார்கள். அம்மா போய், "அவன் சொன்னது பொய்யா சாரே?" என்று கேட்டுவிட்டு வந்தார். அண்ணனின் வாய் எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

படிப்பு முடிந்ததும் ஒரு ஹோட்டலில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். அங்கே மாலையில் வாசிக்கும் குழுவில் ஒருவர் பேஸ் கிட்டார் வாசித்தார். நான்கே தந்திகள், ஒவ்வொன்றும் தடியானது. பாட்டு நடக்கும்போது அந்த ஓசை தனியாகக் காதில் விழாது. அது நின்றுவிட்டால்தான் ஏதோ குறைகிறதே என்று தோன்றும். அந்த மனிதர் கல்ஃபுக்குப் போகும்போது, தினமும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணனிடமே கிட்டாரைக் கொடுத்துவிட்டுப் போனார். வெளிநாட்டில் செய்தது. அண்ணனைவிட அதற்கு வயது அதிகம். அப்பா இறந்த பிறகு அண்ணனுக்கு அவருடைய வேலை கிடைத்தது. பகலில் கார்ப்பரேஷன், திருவிழாக் காலத்தில் கானமேளா என்னும் மேடைக் கச்சேரிக் குழு என்று அவர் வாழ்க்கை இரண்டாக ஓடியது. இரண்டிலும் அவர் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை என்று இரண்டு இடத்திலும் சொல்வார்கள்.

பிறகு அந்த விபத்து. மழைக்கு முன் சாக்கடை சுத்தம் செய்யும்போது கான்கிரீட் ஸ்லாப் நழுவி அண்ணனின் இடது கையில் விழுந்தது. சுண்டுவிரல் போய்விட்டது. மோதிரவிரல் மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டது. பேஸ் கிட்டாரின் கழுத்து நீளமானது. அதில் பதித்திருக்கும் ஃப்ரெட் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். இடது கையின் நான்கு விரலும் விரிந்து கொடுத்தால்தான் எட்டும். குழுவை நடத்தும் மாஸ்டர் வீட்டுக்கு வந்து, சாயா குடித்துவிட்டு, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்தோ" என்றார். அடுத்த வாரமே வேறொருவர் வாசித்தார். மாஸ்டரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

அப்போதுதான் பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் கிட்டாரைத் தேடி வந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேட்டா, இது ஒறிஜினல் ஆணு. இதுல ஒரு ஸ்க்ரூ கூடத் தொடக் கூடாது, கேட்டோ? தொட்டா இது வெறும் விறகு."

அண்ணன் சொன்னார்: "எனக்கு வாசிக்க முடியலைன்னா இது இப்பவும் விறகுதானே?"

பெரியப்பா விற்கச் சொன்னார். மாமா விற்கச் சொன்னார். அண்ணன் படகேறி எறணாகுளம் போய், கிட்டார் பழுது பார்க்கும் ஜோஸ் சேட்டனிடம் நின்றார். அவரிடம் உடல் பிளந்துபோன ஒரு குட்டை பேஸ் கிட்டார் கிடந்தது. அதன் கழுத்து கிட்டத்தட்ட மூன்று அங்குலம் குறைவு. ஃப்ரெட்டுகள் நெருங்கி இருந்ததால் அண்ணனின் இரண்டு விரலுக்கு எட்டியது. "கழுத்தைத் தரலாம் சேட்டா. ஆனா இவ்வளவு பழைய கிட்டாரைப் பிரிக்க என் கை வராது" என்றாராம் ஜோஸ் சேட்டன். "என் கை வரும்" என்று சொல்லிவிட்டு, கழுத்தைக் கைலியில் சுற்றிக்கொண்டு அண்ணன் அடுத்த படகைப் பிடித்துவிட்டார். ஜோஸ் சேட்டன் பின்னால் ஏதோ சொல்ல வந்தது அவர் காதில் விழவில்லை. கொஞ்சம் நின்று கேட்டிருக்கலாம். நின்று கேட்கும் பழக்கம் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது.

வீட்டில் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றிப் பழைய கழுத்தை எடுத்தார். புதியது குழியில் ஏறக்குறையப் பொருந்தியது. நூலளவு ஆட்டம் இருந்ததால், பெரியப்பா வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் ஒரு துண்டு நறுக்கி அடியில் வைத்து முறுக்கினார். பெரியப்பா கோபித்துக்கொள்ள வேண்டாம், நல்ல தடித்த அட்டை. தந்தி கட்டியதும் வெறுமனே மீட்டினால் சுருதி சரியாக நின்றது. விரலை அழுத்தினால் இறங்கியது. கழுத்தில் கை கீழே வர வர, இன்னும் அதிகமாக இறங்கியது.

அண்ணன் தந்தியைச் சந்தேகப்பட்டு வேறு தந்தி வாங்கினார். அதுவும் இறங்கியது. அதற்குப் பிறகு அவர் கிட்டாரைச் சந்தேகப்படவில்லை. தன் கையைச் சந்தேகப்பட்டார். விரலில் வலுவில்லை, அழுத்தம் போதவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டார். ஒன்றரை மாதம், தினமும் வேலை முடிந்து வந்ததும் ஒரு ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாராம். யாருக்கும் அடங்காத எங்கள் அண்ணன் தன் இரண்டு விரலுக்கு முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு எரிகிறது.

அண்ணி அதிகம் பேசாதவர். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவர். அண்ணன் வாசிக்கும்போது, சுருதி காட்டும் ஆப் திறந்த போனை எதிரில் பிடித்துக்கொண்டிருப்பது அவர் வேலை. சுருதி சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. ஒரு நாள் போனை மேசையில் சாய்த்துவைத்துவிட்டு, "இங்க கொடுங்க" என்று கிட்டாரை மடியில் வாங்கித் தானே அழுத்தினார். சிவப்பு. இரண்டு கையாலும் அழுத்தி, என் அண்ணன் மகளை மீட்டச் சொன்னார். அப்போதும் சிவப்பு.

"பாருங்க. என் அஞ்சு விரலும் நல்லாத்தான இருக்கு? எனக்கும் செவப்புதான் வருது. தப்பு உங்க கையில இல்ல."

அதற்குப் பிறகுதான் அண்ணன் ஜோஸ் சேட்டனுக்குப் போன் செய்தார். "அன்னிக்கே சொல்ல வந்தேனே, நீங்க ஓடிட்டீங்களே" என்று அவர் சிரித்தார். பன்னிரண்டாவது ஃப்ரெட், தந்தியின் சரிபாதியில் நிற்க வேண்டும் என்றார். அண்ணி தையல் டேப்பை எடுத்து அளந்தார். கழுத்தின் உச்சியிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை பதினைந்து அங்குலம். அங்கிருந்து கீழே தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் வரை பதினாறேகால். கழுத்து குட்டையாகிவிட்டது, பிரிட்ஜோ பழைய இடத்திலேயே நின்றது. அதை ஒன்றேகால் அங்குலம் மேலே நகர்த்த வேண்டும். நகர்த்த வேண்டுமென்றால், அத்தனை வயதான அந்த மரத்தில் புதிதாகத் துளை போட வேண்டும்.

கழுத்தை மாற்றியது வரை யாருக்கும் பெரிய பயம் இல்லை. பழையது பரணில் பத்திரமாக இருந்தது, நினைத்தால் திரும்ப மாட்டிவிடலாம். துளை அப்படியல்ல. விஷயம் எப்படியோ பரவி எல்லோரும் போன் போட்டார்கள். நானும் போட்டேன். இதை மறைத்துவிட்டு மற்றவர்களைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. "அண்ணா, துளை போட்டா போட்டதுதான். அப்படியே வித்துடு. உன் கைக்கு இனி அது எதுக்கு?" என்றேன்.

"தங்கச்சி, நீயும் என் கையப் பாத்துத்தான் பேசற" என்றார். போன் கட்டாகிவிட்டது. அதன் பிறகு மூன்று வாரம் பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியனிடம் டிரில் மெஷின் இரவல் வாங்கினார். அண்ணி தையல் சாக்பீஸால் அடையாளம் வைத்தார். "பயமா இருக்கா?" என்று கேட்டாராம். "பயமாத்தான் இருக்கு. நீ ஆடாமப் புடிச்சுக்கோ." ஐந்து துளைகள். பழைய துளைகளைத் தீக்குச்சியும் பசையும் வைத்து அடைத்துத் தேய்த்தார். மேலே பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்ற எலக்ட்ரீசியனிடம், "வேண்டாம், பாக்கறவன் பாக்கட்டும்" என்றுவிட்டார்.

அன்று மாலை எனக்குப் போன் வந்தது. ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. பேஸ் கிட்டார் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே ஏறி இறங்கியது. பிறகு குரல்: "கேட்டியா?"

"கேட்டேன் அண்ணா."

"சுருதி?"

"சரியா இருக்கு." எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்ப செரி. சாப்பிட்டியா?"

மாஸ்டர் கூப்பிடுவார் என்று அண்ணன் காத்திருக்கவில்லை. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நேராக ஒத்திகைக்குப் போய், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாசித்தார். மூன்றாவது பாட்டில் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். அதிலிருந்து நான்கு திருவிழாக் காலம் அண்ணன் மேடையில் இருந்தார். பின்வரிசையில் நிற்க மாட்டேன், முன்னால்தான் உட்காருவேன் என்று சண்டை போட்டே இருந்தார். கையை எல்லோரும் பார்ப்பார்களே என்று யாரோ சொன்னதற்கு, "பாக்கத்தானே முன்னால உக்காரறேன்" என்றார்.

கடைசியில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார். டாக்டரிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, சனிக்கிழமை புரோகிராமுக்கு விடுவீர்களா என்பதுதான். வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டார். அண்ணா, எனக்கு உன் மேல் இதில் மட்டும் கோபம். எல்லோரிடமும் வம்பு பண்ணி ஜெயித்த நீ, இங்கே இன்னும் கொஞ்சம் வம்பு பண்ணியிருக்கலாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு கடைக்காரர் மறுபடி வந்தார். துளைகளைத் தெரியாமல் அடைக்க ஆள் இருக்கிறது, பழைய கழுத்து இருந்தால் போதும் என்றார். உறவினர் சிலர் தலையாட்டினார்கள். தீக்குச்சியும் பசையுமாக அடைத்த அந்தத் தழும்புகளை அழித்துவிட்டால் அது யாரோ ஒருவரின் கிட்டார், எங்கள் அண்ணனுடையது அல்ல. அவர் கைக்காக அது மாறியது. அவர் இல்லை என்பதற்காக அது திரும்ப மாற வேண்டியதில்லை. அண்ணி அன்று சொன்னது ஒரே வாக்கியம்: "அதை நான் வாசிக்கப் போறேன்." எல்லோரும் துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தார்கள். அண்ணியின் கை சிறியது. அந்தக் குட்டைக் கழுத்து அவருக்கும் எட்டுகிறது. பத்து மாதமாக, வாரம் ஒரு முறை மாஸ்டரிடமே போய்க் கற்றுக்கொண்டு வருகிறார்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற எலக்ட்ரீசியன் தம்பிக்கும், இரவு பகல் உடனிருந்த கார்ப்பரேஷன் தோழர்களுக்கும், கழுத்தைக் கொடுத்த ஜோஸ் சேட்டனுக்கும், அண்ணனுக்குப் பிறகு அண்ணிக்கும் நாற்காலி போட்ட மாஸ்டருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வேண்டாம், விற்றுவிடு என்று சொன்ன என்னையும் சேர்த்து அத்தனை பேருக்கும் நன்றி. நாம் அவ்வளவு அழுத்திச் சொல்லாமல் இருந்திருந்தால், அண்ணன் ஒருவேளை நம் பேச்சைக் கேட்டிருப்பார்.

நினைவு நாளன்று பூஜை முடிந்ததும் அண்ணி இரண்டு பாட்டு வாசிப்பார். கணவர் போய் ஒரு வருஷம்தானே ஆகிறது, அதற்குள் பெண்பிள்ளை கிட்டாரும் கையுமாக உட்காரலாமா என்று நினைப்பவர்கள் தாராளமாக எழுந்து வெளியே நிற்கலாம். இலை மட்டும் அண்ணி வாசித்து முடித்த பிறகுதான் போடுவோம்.