வீரமலை இஸ்திரி போட்ட பாவாடை

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஓடும் டவுன் பஸ்ஸில் வீரமலை கண்டக்டர், நான் டிரைவர். சில்லறைக்குச் சண்டை போடத் தெரியாத கண்டக்டர். இவரை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவது என் தலையெழுத்து என்று கேலி செய்வேன். சிரித்துக்கொள்வார்.

அவருக்கு ஒரே மகள் யமுனா. ஏழாம் வகுப்பு படிக்கும்போது டெங்கு வந்து போய்விட்டாள். அவள் இருந்தவரை, ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ஸ்கூல் பாவாடையைத் துவைத்து, மடிப்பு மடிப்பாக இஸ்திரி போட்டு வைப்பது வீரமலையின் வேலை. அவள் போன பிறகும் அவர் அதை விடவில்லை. யாரும் உடுத்தாத பாவாடையை வாரம் தவறாமல் துவைத்துத் தேய்த்து ஆணியில் மாட்டுவார். மனைவி ஆனந்தவள்ளி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த இரண்டு பேரையும் விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பாவாடைதான்.

அதையே கதையாக எழுதினார். வாழ்நாளில் எழுதிய ஒரே கதை. மகள் பெயர் அச்சில் வரவேண்டும், வேறு ஆசை இல்லை. திருச்சியில் ஒரு வாசகர் மன்றம் நடத்திய போட்டியில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. பரிசுக் கதைகளைப் புத்தகமாகப் போடுவதாகவும் சொன்னார்கள். விழாவுக்கு ஆனந்தவள்ளியும் வந்திருந்தாள்.

நம்மூரில் மேடை ஏறினால் முதலில் அவையடக்கம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் தலைக்கனம் என்பார்கள். வீரமலையும் கைகூப்பி, “இதுல என்னோடதுன்னு எதுவும் இல்லைங்க. பெரியவங்க எழுதினதைப் பார்த்துப் பார்த்து எழுதினதுதான்” என்றார். கைதட்டினார்கள்.

அடுத்துப் பேச வந்தவர் பேராசிரியர் கலையரசன். நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு ரஷ்யக் கதையை எடுத்துவிட்டார். செத்துப்போன மகனின் பூட்ஸை ஒரு தகப்பன் வாராவாரம் துடைத்துக் கொழுப்புத் தடவி வைக்கிறானாம். பூட்ஸைப் பாவாடையாக மாற்றினால் சொந்தக் கதை ஆகிவிடுமா என்று கேட்டார். அதான் அவரே இப்போது ஒப்புக்கொண்டுவிட்டாரே என்றும் சொன்னார்.

அந்தப் பாவாடையை என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்று எழுந்து கத்தினேன். உட்கார வைத்துவிட்டார்கள். பெற்ற வயிறு ரஷ்யாவில் ஒரு மாதிரியும் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாதிரியுமா எரியும்? அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்படி ஒரு ரஷ்யக் கதை இருப்பதே வீரமலைக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் மனிதர் வாயைத் திறக்கவில்லை. பரிசு போயிற்று. புத்தகத்திலிருந்து கதையையும் எடுத்துவிட்டார்கள்.

மறு ஞாயிறு மனது கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். துவைத்துக் காய்ந்த பாவாடை மேஜைமேல் விரித்துக் கிடந்தது. பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி சூடேறிக்கொண்டிருந்தது. வீரமலை முதல் மடிப்பைப் பிடித்தார், விட்டார். மறுபடி பிடித்தார், விட்டார்.

“கை வரமாட்டேங்குதுங்க. யாரோ செஞ்சதைப் பார்த்துச் செய்யற மாதிரியே இருக்கு” என்றார்.

அடுப்படி வாசலில் ஆனந்தவள்ளி நின்றிருந்தாள். இத்தனை நாளும் வாய் திறக்காதவள் அன்றைக்குக் கேட்டாள்.

“அப்ப நாளைக்குப் பிள்ளை எதைப் போட்டுக்கிட்டுப் போவா?”

வீரமலை குனிந்து இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்.