மருந்து என்றே எழுதினேன்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு எங்களுக்கு ஓர் ஆங்கில நாடகம் பாடமாக இருந்தது. காட்டுக்குள் ஓடிப்போகும் காதலர்கள், அவர்களை ஆட்டிவைக்கும் தேவதைகள், ஆள் மாறிப்போகும் காதல் என்று முழுக்கச் சிரிப்பு. வகுப்பே சிரித்தது. எனக்கு முதல் காட்சியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. ஓர் அப்பா மகளை இழுத்துக்கொண்டு ராஜாவிடம் வருகிறார். நான் பார்த்த மாப்பிள்ளையை இவள் வேண்டாம் என்கிறாள், வேறொருவன் இவளை மயக்கிவிட்டான் என்று முறையிடுகிறார். மேடம் அர்த்தம் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். அது எங்கள் அம்மாவின் பேச்சு.

என் அக்கா சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனவள். அங்கே உடன் வேலை பார்த்த பனித்திட்டு ஊர்க்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நாங்கள் பாகூர்ப் பக்கம் கழனி வேலை செய்தவர்கள். அவர்கள் கடலுக்குப் போகிறவர்கள். மகள் தானாக விரும்பிப் போயிருப்பாள் என்பதை அம்மா நம்பவே இல்லை.

“மீன்கொழம்புல மருந்து வச்சிட்டான். டிபன் பாக்ஸ்ல தெனம் கொண்டாந்து குடுத்தானாமே, சும்மாவா குடுப்பான்?”

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் மாத்திரை மட்டுமில்லை. சோற்றில் கலந்து கொடுத்து ஆளை வசியம் செய்வதும் மருந்துதான். அதை வயிற்றிலிருந்து எடுத்துவிடவும் ஆள் உண்டு. வந்து எடுத்துக்கொண்டால் வீட்டுக்குள் விடுகிறேன் என்று அம்மா சொல்லியனுப்பினாள். “எடுக்கறதுக்கு எம் வயித்துல ஒண்ணும் இல்ல” என்று அக்காவிடமிருந்து பதில் வந்தது. அதோடு போக்குவரத்து அறுந்தது.

நான் படிப்பு முடித்த வருடம் அக்கா மாசமாக இருந்தாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் நடக்க வேண்டும். அதற்கு முன்னால் வளையல் போட்டு அழைத்து வர வேண்டும். அம்மா அசையவில்லை. நான் பேசிப் பார்த்தேன்.

“நாலு எழுத்து படிச்சிட்டு வந்து எனுக்கு சொல்றியா? மருந்தப் பத்தி உம் புக்குல இருக்குமாடா?”

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். என் புத்தகத்தில் அது இருந்தது. அந்த நாடகத்தை எங்கள் தெருவில் போட்டே தீருவதென்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஷிப்ட் முடிந்து வரும் நண்பர்களைப் பிடித்தேன். தேவதையிலேயே முதல் சிக்கல் வந்தது.

“தேவதைன்னா இன்னாடா, மோகினியா?”

“அந்த மாதிரி. ஆனா கெட்டது செய்யாது.”

“மோகினி வேசம்லாம் நான் கட்ட மாட்டன்பா. எனுக்கு இன்னும் கல்யாணம் ஆவுல.”

“சரி, முனின்னு வச்சிக்கலாம்.”

“ஏரிக்கரையில முனி இருக்குது. நீ ஆடு, அது பார்த்துகினே இருக்கும்.”

கடைசியில் எங்களில் குள்ளமாக இருந்தவன்தான் வழி சொன்னான். “டேய், தூங்கறவன் தலைமாட்டுல வந்து நின்னு உயிர எடுக்கறது யாரு? நைட் ஷிப்ட் சூப்பர்வைசர். தேவதைங்கள கம்பெனிக்காரங்களா வச்சிக்க.” அப்படித்தான் தேவதைகளின் ராஜா மேனேஜர் ஆனார், ராணி மேனேஜர் பெண்டாட்டி ஆனாள். அவர் ஏவலுக்கு ஓடும் குறும்புத் தேவதை சூப்பர்வைசர் ஆனான். சொன்னவனே அந்த வேஷத்தையும் எடுத்துக்கொண்டான்.

இரண்டாவது சிக்கல் வீட்டில். நாடகத்தில் தூங்குகிறவர் கண்ணில் ஒரு பூவின் சாற்றைப் பிழிவார்கள். கண் விழித்ததும் யாரைப் பார்க்கிறாரோ அவர்மேல் பைத்தியமாகிவிடுவார். அதை நான் மருந்து என்றே எழுதியிருந்தேன். ஒத்திகை பார்த்த யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள்.

“எங்கதைய மேடையில ஏத்தி ஊரு சிரிக்க வெக்கிறியா?”

“அது கண்ணுல ஊத்தறதும்மா. நம்முளுது சோத்துல.”

“அந்த வார்த்தைய எடுடா.”

“எடுக்க மாட்டேன்மா.”

நண்பர்களும் பயந்தார்கள். பூச்சாறு என்றே விட்டுவிடு என்று கெஞ்சினார்கள். பூச்சாறு என்று சொன்னால் அது எங்கேயோ காட்டில் நடக்கிற கதை. மருந்து என்றால்தான் எங்கள் தெருக் கதை. நான் மாற்றவில்லை.

மாட்டுப்பொங்கல் சாயங்காலம், டிராக்டர் டிரெய்லர்தான் மேடை. பெண் வேஷம் போட்டவர்களைப் பார்த்து, “மீசைய எடுத்துட்டு வந்திருக்கக் கூடாதாடி?” என்று ஓர் அத்தை கத்தினார். அப்பா வேஷம் எனக்கு. “எம் பொண்ணுக்கு மருந்து வச்சிட்டான் ராஜா!” என்றதும் கூட்டம் குபீரென்று சிரித்தது. சிலர் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

சூப்பர்வைசர் கண்சொட்டு பாட்டிலோடு வந்து தப்பான காதலன் கண்ணில் ஊற்றினான். “ராங் ஆளுடா! அவன் இல்லடா!” என்று பெண்கள் பக்கமிருந்து கூச்சல். மேனேஜர் வந்து அறைந்தார். “சட்ட போட்டவன்னு சொன்னீங்க சார், ரெண்டு பேருமே சட்டதான் போட்டுகினு இருக்கானுங்க!” என்று அவன் அழுதான். தெருவே உருண்டது. அம்மா மட்டும் முகத்தில் எதையும் காட்டவில்லை.

மறுநாள் காலையில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே கூப்பிட்டாள்.

“டேய், அந்தப் பொண்ணு கண்ணுல எப்ப ஊத்துனான்?”

“எந்தப் பொண்ணு?”

“அப்பன் பேச்ச கேக்காம போனதே, அது. ஆம்பளைங்க ரெண்டு பேரு கண்ணுல ஊத்துனான். மேனேஜர் பொண்டாட்டி கண்ணுல ஊத்துனாங்க. இது கண்ணுல ஊத்துன மாதிரியே தெரியலியே. மறந்துட்டானுங்களா?”

இதைச் சொல்லத்தான் நான் நாடகமே போட்டேன். அவளே கேட்பாள் என்று எதிர்பார்க்கவில்லை.

“மறக்கலம்மா. புக்குலயே இல்ல. அது கண்ணுல கடைசி வரைக்கும் யாரும் ஊத்தல.”

அம்மா தவிட்டுக் கையை வாளி ஓரத்தில் வழித்தாள்.

“அப்ப அவளாதான் போயிருக்கா.”

அவள் நாடகத்தைச் சொல்லவில்லை, அக்காவைச் சொல்கிறாள் என்று புரிந்தது. அவள் முகம் இறுகிய விதத்தில் எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

“மருந்துன்னு நெனச்சி அந்தப் பையனையே சாபம் வுட்டுகினு இருந்தேன். இவள ஒரு வார்த்த கேக்கல. பாவம், புத்தி கலங்கி கெடக்குதுன்னு வுட்டுட்டேன்.”

“இப்ப இன்னாம்மா?”

“நேர்ல போயி கேக்கணும். வண்டிய எடு.”

பனித்திட்டில் அக்கா வீட்டு வாசலில் இறங்கியதும் ஆரம்பித்தாள். “இன்னாடி, யார கேட்டுகினு போன நீ?” பெரிய வயிற்றோடு வெளியே வந்த அக்கா, “யாரையும் கேக்கல” என்றாள். “பெத்தவகிட்ட சொல்லணும்னு தோணலியா?” “சொன்னா வுட்டிருப்பியா?” பக்கத்து வீடுகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. அம்மா விடவில்லை, அக்காவும் குறையவில்லை. இரண்டு பேரும் அழுதுகொண்டே சண்டை போட்டார்கள். மருந்து என்ற சொல் மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை.

கத்திக் கத்தி அம்மாவுக்குத் தொண்டை வறண்டு இருமல் வந்தது. மாமா உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். அம்மா சொம்புக்குள் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அண்ணாந்து கடகடவென்று குடித்தாள்.

“ஏழு நடக்குதா?” என்றாள் அக்காவிடம். “நல்ல நாள் பார்த்துகினு வளையலோட வரேன். துணிமணி எடுத்து வச்சிக்க.”

அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

“நீ இன்னாடா பல்ல காட்டிகினு நிக்கிற? வண்டிய திருப்பு.”