என் ஓட்டு போய்ச் சேராத மனிதர்

1993 வசந்தத்தில், ஜெர்சி சிட்டி நகரசபைத் தேர்தலில் நின்ற ஒருவர் எங்கள் அபார்ட்மெண்ட் கதவைத் தட்டினார். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றி வைத்து உள்ளே வந்தார். விசாவில் இருக்கிறோம், எங்களுக்கு ஓட்டு இல்லை என்றேன். பரவாயில்லை என்று உட்கார்ந்து, எரியாத தெருவிளக்கைப் பற்றி விசாரித்தார். அடுத்த வாரம் விளக்கு எரிந்தது.

இவருக்கு ஒருமுறையாவது ஓட்டுப் போட்டுவிட வேண்டும் என்ற ஆசை அன்று வந்தது. அவர் நகரசபைக்குப் போய், 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கும் தேர்வாகிப் போனார். எனக்கு அந்த வருடம்தான் கிரீன் கார்டு கிடைத்தது; அதிலும் ஓட்டு கிடையாது.

2000 நவம்பரில், கண் ஆபரேஷன் ஆகியிருந்த மாடி வீட்டு அங்கிளைக் காரில் வாக்குச்சாவடிக்கு அழைத்துப்போனேன். அவர் சிட்டிசன். வெளியே வந்ததும் அவர் விரலைத்தான் பார்த்தேன்.

"மை எங்க அங்கிள்?"

"இங்க ஏதுப்பா மை? ஓட்டுப் போட்டாச்சுன்னு ஒரு ஸ்டிக்கர்தான்."

"நம்ம ஆளுக்குத்தானே போட்டீங்க?"

"அவனுக்கா? டாக்ஸ் ஏத்தினவனுக்கு நான் எதுக்குப்பா போடணும்? ஆப்போசிட்லதான் போட்டேன்."

நம்ம ஆள் அந்த முறை தோற்று, அரசியலை விட்டே விலகினார்.

2001 கோடையில் நான் குடிமகனானேன். நவம்பரில் முதல் ஓட்டுப் போடப் போனபோது, அவர் பெயர் இருக்காது என்று தெரிந்தும் வாக்கு இயந்திரத்தில் மேலிருந்து கீழ்வரை தேடினேன். மறைப்புத் திரைக்கு வெளியே யாரோ செருமிய பிறகுதான், அறியாத ஒரு பெயருக்கு நேரே அழுத்தினேன்.