இரண்டு கண், இரண்டு நிறம்

லோபாக் வட்டாரத்தில் பழைய மரச்சாமான்களைத் தேய்த்து, சாயமும் வார்னிஷும் பூசித் தருவது ஆம்புரோஸின் தொழில். உடைந்த காலுக்குப் பதிலாகப் புதுக்கால் போட்ட நாற்காலியை அவர் முடித்துக் கொடுத்தால், எது புதுசு என்று வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. அறுபத்திரண்டு வயதுவரை அந்தப் பெயரோடுதான் இருந்தார்.

மார்ச் மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்துப் பட்டறையைத் திறந்தபோது மயிலம்மாளின் சாப்பாட்டு மேசை காத்திருந்தது. ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த கணவர் அவளுக்கு வாங்கித் தந்தது. கரையான் அரித்த ஒரு பலகையை மாற்றி, கண் சிகிச்சைக்கு முன்பே அதற்குச் சாயம் கொடுத்திருந்தார். வார்னிஷ் மட்டுமே பாக்கி.

வலது கண்ணால் பார்த்தார். பழைய பலகைகள் தேன் நிறத்தில் இருந்தன; புதுப்பலகை மங்குஸ்தான் தோல்போலச் சிவந்து கருத்திருந்தது. அந்தக் கண்ணை மூடி, இன்னும் புரை எடுக்காத இடது கண்ணால் பார்த்தார். எல்லாம் ஒரே நிறம்.

அன்று மாலையே பக்கத்து வட்டாரமான ராசாவுக்குப் போனார். சினேகிதர் சன்னாசியின் அலமாரிக்குப் போன வருடம் ஒரு கதவு மாற்றிப் பூசியிருந்தார். அந்தக் கதவு மட்டும் வாசலிலிருந்தே தனியாகத் தெரிந்தது.

“எப்பலேர்ந்து இப்படி இருக்கு?” என்று கேட்டார்.

சன்னாசி அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். “நீ கொண்டாந்த அன்னிக்கே அப்படித்தான் லா இருந்துச்சு. மனசு கஷ்டப்படுவேன்னு சொல்லல.”

இன்னும் எத்தனை வீட்டில் இப்படி வாயை மூடிக்கொண்டிருந்தார்களோ என்று நினைத்தபடி மோட்டார் சைக்கிளை ஓட்டி வந்தார்.

மறுநாள் இடது கண்ணைப் பிளாஸ்திரியால் மூடிக்கொண்டு, புதுப்பலகையைச் சுரண்டி மறுபடி சாயம் கலந்தார். கை பழக்கத்தில் சிவப்பையே அதிகம் ஊற்றியது. குறைத்தால் பச்சை தட்டியது. புதுக்கண் காட்டிய நிறத்துக்கு எதை எவ்வளவு ஊற்றுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. நாலாவது முறை சுரண்டியபோது சாயம் மரத்துக்குள் இறங்கிவிட்டிருந்தது; எவ்வளவு தேய்த்தும் வெளுக்கவில்லை. மனைவி டோரினைக் கூப்பிட்டுக் காட்டினார். நல்லாத்தானே இருக்கிறது என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். அவள் சொல்லையும் இப்போது நம்ப முடியவில்லை.

மயிலம்மாள் லோரியோடு வந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வேறு பலகை போடலாம், ஆனால் அதற்கும் சாயம் கலக்க வேண்டியது இதே கைதான் என்றார். அவள் அந்தப் பலகையைத் தடவிப் பார்த்தாள்.

“பரவால்ல அண்ணே. மேச விரிப்பு போட்டுக்கறேன்.”

அவள் திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்து லோரியில் ஏற்றிக் கொடுத்தார்.

இப்போது தேய்க்கும் வேலையை மட்டும் எடுக்கிறார். நிறம் பொருத்த வேண்டியதை அம்பாங்கானில் வேறொருவரிடம் அனுப்பிவிடுகிறார். இடது கண்ணுக்கு அடுத்த வருடம்தான் தேதி கொடுத்திருக்கிறார்கள்.