ழகரம் கேட்ட கதவு

ஆறாம் வகுப்பில் என் கைக்கு வந்த அந்தப் புத்தகத்துக்கு அட்டை கிடையாது. முதல் சில தாள்களும் கிடையாது. பள்ளிக்கூட அலமாரியில் கரையான் தின்றது போக மிச்சம்தான் எனக்குக் கிடைத்தது. அதனால் அதன் பெயர் என்ன, எழுதியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் ஒருநாள் நேரில் போய் அவரிடம் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன்.

கதை இதுதான். ஒரு சிறுமி ஒரு பழைய புத்தகத்தைத் திறக்கிறாள். நடுப்பக்கத்தில் ஒரு கல்கதவு வரைந்திருக்கிறது. அந்தக் கதவு, 'என்ன வேண்டும்?' என்று கேட்கிறது. 'வழி' என்று பதில் சொன்னால் திறந்துகொள்ளும், அவள் புத்தகத்துக்குள்ளேயே போய்விடலாம். உள்ளே பறக்கும் ஆமை உண்டு. பொய் சொன்னவர் வாயில் மட்டும் கசக்கும் மாம்பழம் உண்டு. பிடிக்காத ஆள் ஏறினால் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் மலை உண்டு. இதில் வில்லங்கம் என்னவென்றால், அந்தக் கதவுக்குக் காது ரொம்பக் கூர்மை. 'வழி' என்பதை 'வளி' என்று சொல்லிவிட்டால், வளி என்றால் காற்றாம், ஒரு சூறைக்காற்று கிளம்பி வந்து, சொன்னவரை முதல் பக்கத்துக்கே தூக்கி எறிந்துவிடும். 'வலி' என்று சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார வேண்டியதுதான்.

இதை எழுதியவர் எங்கள் பக்கத்து ஆள் இல்லை என்பது மட்டும் நிச்சயம். செஞ்சியில் ழ என்கிற எழுத்தைக் கரும்பலகையில் பார்க்கலாம், கடைப் பலகையில் பார்க்கலாம், யார் வாயிலும் பார்க்க முடியாது. எங்களுக்குக் கோழி கோளி, வாழைப்பழம் வாளப்பளம். அப்படி ஒரு கதவை எங்கள் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து வைத்தால், ஊரில் பாதிப்பேர் திண்டிவனம் ரோட்டுக்கு மேலே பறந்துகொண்டிருப்பார்கள், மீதிப்பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. காரணம், அந்தப் புத்தகத்தின் மீது எனக்கு அவ்வளவு ஆசை. உள்ளே போக வேண்டும் என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நினைத்தேன். ராத்திரி அதை முகத்தின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு தூங்கிப் பார்த்தேன். மூக்கில் கரையான் மண் ஏறித் தும்மல் வந்ததுதான் மிச்சம்.

கல்கதவுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தோழியை இழுத்துக்கொண்டு கோட்டைக்குப் போனேன். அவள் எங்கள் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஜைனர் வீட்டுப் பெண். எதற்கும் அலட்டிக்கொள்ளாதவள். கோட்டை வாசலில் அவளைக் கதவாக நிற்க வைத்தேன். நடக்க வேண்டாம், ஓட வேண்டாம், பேச வேண்டியது ஒரே ஒரு வரி என்பதால் அவளுக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துவிட்டது. சுவரில் சாய்ந்துகொண்டு, "இன்னா வோணும்?" என்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "வளி" என்றேன். காற்று வரவில்லை. ஒரு குரங்கு வந்து எங்கள் முறுக்குப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது.

நைனாவிடம், அதாவது என் அப்பாவிடம், இந்த அநியாயத்தைச் சொன்னேன். அவர் குட்டியானை என்கிற சின்ன லாரியில் மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறவர், கதைப் புத்தகம் படிக்கிற ஆள் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கோட்டைக்கே டிக்கெட் எடுத்தா உள்ள வுட்றாங்க. இது இன்னா கதவு, நாக்க சுருட்டுன்னு சொல்லுது?" என்றார். பிறகு மனசு கேட்காமல், தன் போனில் பேசினால் எழுத்தாகக் காட்டும் என்று சொல்லி அதை என்னிடம் கொடுத்தார். நான் 'வழி' என்று சொல்லிப் பார்த்தேன். போன் 'வலி' என்று எழுதிக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற மெடிக்கல் ஷாப்புகளை வரிசையாகக் காட்டியது.

இப்படி வெறும் வாயை மென்றுகொண்டிருந்த நேரத்தில்தான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு தமிழ் டீச்சர் மாற்றலாகி வந்தார். அவர் வாயில் ழ வழுக்கிக்கொண்டு வந்தது. 'கிழமை' என்று அவர் சொன்னால் வகுப்பே வாயைப் பிளந்து பார்க்கும். என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, வாங்கிப் படித்து, ஆண்டு விழாவுக்கு இதையே நாடகமாகப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். புத்தகத்தை வைத்திருந்தவள் என்பதால் சிறுமி வேடம் எனக்கு. ஒரு கிரீடமும் திமிரும் வைத்த இளவரசன் முதலில் வந்து 'வளி' என்று தப்பாகச் சொல்லிக் காற்றில் பறப்பான், அப்புறம் நான் வந்து சரியாகச் சொல்லி உள்ளே போவேன். அட்டை போன அந்தப் புத்தகத்துக்குள் நுழைய எனக்கு வேறு வாசல் இல்லை. அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை, குதித்துக்கொண்டே போனேன்.

மறுநாள் முதல் ஒத்திகையிலேயே சந்தோஷத்தில் மண் விழுந்தது. நான் 'வளி' என்றேன். இளவரசன் 'வழி' என்றான். அவனுடைய அம்மாவும் நாகர்கோவில் பக்கம், அவனுக்கு ழ தண்ணீர் பட்ட பாடு. என்ன முயன்றும் அவனால் தப்பாகச் சொல்ல முடியவில்லை. டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் நாடகம் நன்றாக வர வேண்டும் என்கிற வெறி அவருக்கும் இருந்தது.

"மக்களே, நாக்கு எங்கயும் ஒட்டப்பிடாது, வளைச்சா மட்டும் போதும். விழாவுக்குள்ள வரலைன்னா நீ இளவரசன், அவன் சிறுமி வேஷம். சிறுமியைப் பையன்னு மாத்திக்கிடலாம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

பறந்து போகிற பாத்திரம் எனக்கு, உள்ளே போகிற பாத்திரம் அவனுக்கு. அந்தப் புத்தகத்தை அவன் படித்தது கூடக் கிடையாது. வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அழும்போது கூட 'அளுவாதடி' என்றுதான் அம்மா சொன்னார், அதைக் கேட்டு அழுகை இன்னும் அதிகமானது.

அப்புறம் ஆரம்பித்தது தவம். எழுந்தால் வழி, பல் விளக்கினால் வழி, படியேறினால் வழி. நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும், அல்லது பல்லில் போய் முட்டும். தோழிதான் கதவு. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் கடை வாசலில் நின்றுகொண்டு, "இன்னா வோணும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும் என்பதால், அம்மா கூப்பிட்டதும் கதவு எழுந்து உள்ளே போய்விடும். நான் தெருவில் தனியாக நின்று நாக்கைச் சுழற்றிக்கொண்டிருப்பேன். போகிற வருகிறவர்கள் பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

கடைசியில் அந்த எழுத்தை எனக்குக் கொடுத்தது உருளைக்கிழங்கு போண்டா. பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடையில் நைனா வாங்கிக் கொடுத்தது. தோழி வீட்டில் கிழங்கு சேர்ப்பதில்லை என்பதால் முழுப் பொட்டலமும் எனக்கே. கொதிக்கக் கொதிக்க ஒன்றை அப்படியே வாயில் போட்டுக்கொண்டேன். நாக்கு வெந்துபோய், எதன்மேலும் படாமல் நடுவாயில் சுருண்டு நின்றுகொண்டது. கடையின் தண்ணீர்க் குடத்தை மறைத்துக்கொண்டு, கூட வந்திருந்த தோழி நின்றிருந்தாள். "வழி வுடு" என்றேன்.

"இன்னா?" என்றாள்.

"வழி, வழி!"

"இன்னான்னு சொல்லித் தொலையேன், புரியல" என்றாள் அவள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போண்டாவின் சூட்டினால் பாதி, சந்தோஷத்தினால் பாதி.

அன்றிலிருந்து சூத்திரம் பிடிபட்டுவிட்டது. வாயில் சூடான போண்டா இருப்பதாக நினைத்துக்கொண்டால் போதும், ழ தானாக வரும். டீச்சர் கேட்டுவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினார். வேடம் எனக்கே என்றார். இளவரசனுக்குத் தப்பாகச் சொல்லக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பையும் என்னிடமே விட்டார். அதில் நான் பழம் தின்று கொட்டை போட்டவள்.

விழா நாள் வந்தது. மேடையில் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, சாம்பல் பூசி, கல்கதவு செய்து வைத்திருந்தோம். தோழி அதன் பின்னால் நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். அவளுக்கும் பின்னால் ஒரு பெரிய பெடஸ்டல் ஃபேன். அதற்குப் பொறுப்பு பி.டி. சார். 'வளி' என்ற சொல் காதில் விழுந்ததும் சுவிட்சைப் போட வேண்டும், அவ்வளவுதான் அவர் வேலை.

மத்தியானம் தொடங்க வேண்டிய விழா, சிறப்பு விருந்தினர் வராததால் இழுத்துக்கொண்டே போனது. தோழியின் அம்மா பொழுதோடு டிபன் கேரியரில் சாப்பாடு கொண்டுவந்து, வகுப்பறையில் உட்கார வைத்து வயிறு நிறைய ஊட்டிவிட்டுப் போனார். விருந்தினர் வந்து, பேசி, பேசி, மறுபடியும் பேசி முடித்தபோது விளக்குப் போட்டுவிட்டார்கள். எங்கள் கதவு அட்டைக்குப் பின்னால் நின்றபடியே கண்ணயர்ந்திருந்தது.

இளவரசன் போனான். கதவு எப்படியோ விழித்துக்கொண்டு கேட்டது. நான் சொல்லிக்கொடுத்தபடி அவன் அருமையாக 'வளி' என்றான். ஃபேன் சுற்றியது, கிரீடம் பறந்தது, அவன் உருண்டான், கூட்டம் கைதட்டியது. அடுத்தது நான்.

கதவின் முன்னால் போய் நின்றேன். நைனா முன்வரிசைக்குப் பக்கத்தில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடை ஓரத்தில் டீச்சர் தன் நாக்கை வளைத்துக் காட்டினார். உள்ளேயிருந்து தூக்கக் குரலில், "என்ன வேண்டும்?" என்று கேள்வி வந்தது. போண்டாவை நினைத்தேன்.

"வழி" என்றேன்.

என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு ழ அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. மைக் அதைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே வரைக்கும் கொண்டுபோனது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

கதவு திறக்கவில்லை.

கதவுக்குள்ளிருந்து, மைக்கில் தெளிவாக, "இன்னா?" என்று வந்தது.

மறுபடியும் "வழி" என்றேன். "இன்னாடி சொல்ற?" என்றது கதவு. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இத்தனை நாள் தவம், வெந்த நாக்கு, எல்லாம் போயிற்று. போண்டா மறந்துபோனது. நாடகமும் மறந்துபோனது. அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினேன்.

"வளி வுடுடி!"

"ஓ, வளியா" என்றாள் அவள். திறப்பதற்காக அட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். அதே நேரத்தில், காதில் விழுந்த சொல்லுக்குத் தன் கடமையைச் செய்தார் பி.டி. சார். ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. என் பின்னல் இரண்டும் பின்னால் பறந்தன. பிடி விட்ட கல்கதவு அப்படியே முன்னால் சாய்ந்து என் காலடியில் விழுந்தது. அதற்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு, கொட்டாவி விட்டபடி தோழி நின்றிருந்தாள். அவளுக்கும் பின்னால், முதுகில் அன்னக்கூடையைக் கட்டிக்கொண்ட பறக்கும் ஆமையும், மஞ்சள் காகித மாம்பழமும், போர்வை போர்த்திய மலையும் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். புத்தகத்தின் சட்டப்படி அந்தக் காற்று என்னை முதல் பக்கத்துக்குத் தூக்கி எறிந்திருக்க வேண்டும்.

"தொறந்துதான கீது, உள்ள போடி" என்றாள் தோழி.

கதவை மிதித்துக்கொண்டு, எதிர்க்காற்றில், நான் உள்ளே போனேன்.